மதினியின் கூறு

எங்கள் கரையில் கயிற்றைத் தொட்ட கைக்குத்தான் கூறு. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே இதை எனக்குச் சொல்லிவிட்டார்கள், அடுப்படியில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற தோரணையில். கரைவலை என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. வள்ளம் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். இரண்டு நுனிக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று ஆட்கள் இழுப்பார்கள். கடைசியில் மடி, அதாவது மீன் விழுந்த பை, மணலுக்கு வரும். மீனைக் குவியல் குவியலாகப் பிரிப்பார்கள். ஒரு குவியல் ஒரு கூறு. இழுத்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. வலையும் வள்ளமும் வைத்திருக்கிற சம்மாட்டிக்கு அவர் பங்கு தனி.

யாருக்கு எந்தக் குவியல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் குவியல்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். சம்மாட்டி கம்பால் ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு ஆளைச் சொல்வார். பெரிசோ சிறிசோ, அது அந்த ஆளுக்கு. அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. எங்கள் கரையில் அப்படித் திரும்பி நிற்பவர் உபதேசியார். பாதிரிச் சாமியார் வராத நாட்களில் சின்னக் கோயிலைத் திறந்து செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பதும், சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து உட்காருவதும் அவர் வேலை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதில்லை, சொன்னால் காது சிவந்து காட்டிக் கொடுத்துவிடும் என்பார் என் வீட்டுக்காரர்.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண், கரைக்காரர்கள் வாயில் ஊர்நாட்டுக்காரி. மிளகாய்க் காடு, கண்மாய், கருவேலம், கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல். எங்கள் அய்யாவுக்கு நிலம் உண்டு, முனியசாமி உண்டு, முன்கோபம் உண்டு. முன்கோபம் மட்டும் எனக்குச் சீதனமாக வந்தது. மிளகாய் மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவரை, அதுவும் கடற்கரை வேதக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். நெற்றிக் குங்குமத்தை நான் விடவில்லை, யாரும் விடச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னக் கோயிலில் கடைசியில் போய் உட்காருவேன். பக்தி என்று நினைக்க வேண்டாம், ஃபேன் அங்கே ஓடும்.

கடல் எனக்கு ஆகாது. எத்தனை வருஷம் ஆகியும் கணுக்கால் நனையும் இடத்தைத் தாண்டியதில்லை. என் வீட்டுப் பின்வாசலில் நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். விடியலில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும், எது எங்கே முடிகிறது என்று தெரியாது. அதன் நடுவில் இரண்டு வரிசை மனிதர்கள் பின்பக்கமாகவே நடந்து கொண்டிருப்பார்கள். கயிறு தெரியாது. எதையோ கண்டு மெல்ல மெல்லப் பின்வாங்குகிற கூட்டம் என்று தோன்றும். வரிசையின் வாலுக்கு வந்து சேர்ந்தவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்குப் போய் மறுபடி பிடிப்பார். போவதும் வருவதுமாக அது முடியாது. நான் காபித் தம்ளரோடு தூக்கக் கலக்கத்தில் நின்று பார்த்த அந்த விடியல்கள் எல்லாம் இப்போது எனக்கு ஒரே விடியலாகத்தான் இருக்கின்றன. அதில் எப்போதும் மதினி இருக்கிறார்.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பிள்ளை இல்லை. புயலுக்கு அப்புறம் தனுஷ்கோடியிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவர் என்பார்கள். அதைக் கேட்டால், "எனக்கு என்ன தெரியும், நான் தூங்கிக்கிட்டு இருந்தேனாம்" என்பார். ஊர் முழுக்கப் பெரியக்கா. ஆள் பனைமரம், குரல் அதற்குமேல். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. குழம்பில் புளி கூடிவிட்டது என்று தொடங்கி அது எங்கள் கண்மாய்த் தண்ணீர் வரைக்கும் போகும். ஆனால் என் பிள்ளைப்பேற்றின்போது ராமநாதபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் செபமாலையும் கையுமாக, என் முனியசாமிக்கும் சேர்த்து நேர்ந்துகொண்டு நின்றவர் அவர்தான்.

அவர் வீட்டுக்காரர் செத்தது அடைமழையில். நான் வருவதற்கு முன்பு நடந்தது. ரோடு முழுக்கத் தண்ணீர், பங்குச் சாமியார் டவுனில் இருந்தார், வர வழியில்லை. அப்போது இங்கே உபதேசியாரும் கிடையாது. உடலை வைத்திருக்க முடியவில்லை. குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது. மதினியே செபத்தைத் தொடங்கியிருக்கிறார். பாதி வரைக்கும் வந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கும் வரவில்லை. எல்லாரும் மழையில் சும்மா நின்றுவிட்டு மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். இதை அவர் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னார், நெத்திலி ஆய்ந்துகொண்டு, தலையைத் தூக்காமல். "நாதியத்தவுகளப் பொதைக்கிற மாதிரி பொதைச்சேன்த்தா" என்றார். நானும் ஒரு கை நெத்திலியை அள்ளி ஆயத் தொடங்கினேன்.

அப்புறம்தான் ஊர் கூடி உபதேசியாரை வரவழைத்தது. கூறு பிரிக்கும்போது மாதாவுக்கென்று ஒரு குவியல் வைத்தார்கள். அதை விற்கிற காசில் கோயிலுக்கு எண்ணெய், மெழுகுவர்த்தி, உபதேசியார் வீட்டுக்கு அரிசி. நன்றாகத்தான் ஓடியது. மீன் குறைந்து, மடியில் பாசியும் ஜெல்லிமீனுமாக வந்த காலத்தில் மாதா கூறு சின்னதாகிக்கொண்டே போய் ஒருநாள் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு வைக்கவில்லை, மறுநாளும் வைக்கவில்லை, அவ்வளவுதான். உபதேசியார் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இரவெல்லாம் அங்கே, விடியலில் முதல் பஸ்ஸில் வந்து கூறு சொல்லிவிட்டு, கோயிலைத் திறந்துவிட்டுத் தூங்கப் போவார். தூத்துக்குடியில் இருக்கிற மகள் வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மதினிக்கு இதயம் பெருத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன வருஷம், அவருக்கு ஒரே கவலைதான் வந்தது. சாவு பயம் இல்லை. தான் போன பிறகு உபதேசியாரும் போய்விட்டால் இந்தக் கரையில் சாகிறவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான். தனக்குப் பின்னால் கோயிலுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட வேண்டும், அது உபதேசியாரைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருக்கிறது ஒரு ஓட்டு வீடு. அதை எழுதி வைக்கிறேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் வக்கீல் ஆபீஸுக்குப் போனார். நல்ல சேலை, பவுடர், கையில் வக்கீலுக்குக் கருவாடு.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி பட்டா எங்கே என்பது. பட்டாவா? எங்கள் கரையில் யாருக்குப் பட்டா இருக்கிறது? புயலுக்குத் தப்பி வந்தவர்கள் இடம் கண்ட இடத்தில் ஓலையைப் போட்டார்கள், அப்புறம் ஓட்டைப் போட்டார்கள், கரண்டும் வந்தது. சர்க்கார் காகிதத்தில் அது இன்றைக்கும் புறம்போக்கு. இல்லாத இடத்தை எப்படியம்மா கோயிலுக்குக் கொடுப்பீர்கள் என்றார் வக்கீல். அப்படியானால் என் மீன் கூறை எழுதுங்கள் என்றார் மதினி. வக்கீல் பேனாவை மூடிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுத மேய்க்க" என்று சொல்லிச் சிரித்தார். பாம்பன் பாலம் வந்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே கடல் அசையாமல் பச்சையாகக் கிடந்தது.

அடுத்து பங்குச் சாமியார். நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். கோயிலுக்கு நிலம், நகை என்று எழுதி வைப்பவர்கள் உண்டு, உங்களிடம் எதுவும் இல்லையே, கவலைப்படாதீர்கள், ஆண்டவருக்கு உங்கள் மனசே போதும் என்றார். மதினி டீயைக் கீழே வைத்தார்.

"மனச வச்சு உபதேசியாருக்குக் கஞ்சி காச்ச முடியுமா சாமி?"

சாமியார் மேசை டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவர் கையிலும் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியில் சம்மாட்டியிடம். அவரும் மதினி கண்ணெதிரில் வளர்ந்தவர். எனக்குப் பிறகும் என் கூறை எடுத்து வையி, அது கோயிலுக்குப் போகட்டும் என்று கேட்டார். சம்மாட்டி மணலில் உட்கார்ந்து வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அக்கா, நீ இருக்க மட்டும் ஒனக்குக் கூறு உண்டு. நீ போயிட்டா ஆரு கை கயித்தத் தொடும்? தொடாத கைக்கு நான் கூறு வச்சா, நாளைக்கு துபாய்ல இருக்கவனும் கேப்பான்." அதில் தப்பு ஒன்றுமில்லை. அந்த ஒரு சட்டத்தை வைத்துத்தான் அந்தக் கரையில் அடிதடி இல்லாமல் இருக்கிறது. மதினியே அதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லிச் சண்டை போட்டவர்தான்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கிற வரைக்குமாவது கொடுக்கிறேன் என்று, கால் வீங்கிப் போயும் ஒரு விடியல் விடாமல் கயிற்றுக்குப் போனார். தன் கூறை அப்படியே விற்று உபதேசியார் வீட்டுக்குக் கொடுத்தார். இழுக்க முடியாமல் போன நாட்களில் வரிசையின் வால்புறத்தில் மணலில் உட்கார்ந்து, சுருட்டிப் போடுகிற கயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருப்பார். கை தொட்டால் போதும் என்று ஊரும் விட்டுவிட்டது. நான் பின்வாசலில் நின்று திட்டுவேன். காற்று கடலிலிருந்து வருவதால் அவருக்குக் கேட்காது. அல்லது கேட்டும் கேட்காதவர்போல இருப்பார்.

ஒருநாள் மத்தியானம் கால் அமுக்கிவிடும்போது கேட்டுவிட்டேன். வக்கீலைக் கேட்டீர்கள், சாமியாரைக் கேட்டீர்கள், சம்மாட்டியைக் கேட்டீர்கள். தம்பி விடியலில் ஐஸ் லாரியோடு போய்விடுகிறார், சரி. வீட்டுக்குள் ரெண்டு கையோடு ஒருத்தி இருக்கிறாளே, அவளைக் கேட்க வாய் வரவில்லையா? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

மதினி கண்ணை மூடியபடியே சொன்னார்: "நீ வேதக்காரி இல்லத்தா. ஒங்க அய்யாகிட்டருந்து ஒன்னையக் கூட்டியாரும்போது, ஒன் சாமிய ஆரும் தொட மாட்டோம்னு நான் சொன்ன சொல்லு இருக்கு. எங்க கோயில் பாரத்த ஒன் தலையில வைக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் காலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். நான் என்ன அந்நியமா? நீங்கள் என் முனியசாமிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நேரும்போது அவர் பாரமாகத் தெரிந்தாரா? அந்தக் கெடாவை வெட்டிய அன்றைக்கு ரெண்டு தடவை வாங்கித் தின்றீர்களே! இப்படியெல்லாம் கத்தினேன். அவர் சிரித்தார். "கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை, செய் என்று அவரும் சொல்லவில்லை. கடலுக்குள் கால் வைப்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் கூசியது என்பதும் உண்மை.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய வாரத்தில் மதினி போய்ச் சேர்ந்தார். மேற்கிலிருந்து மணல் பறந்து வீடெல்லாம் வந்து விழும் நாட்கள் அவை. தட்டில் மணல், தலையணையில் மணல். கடைசி இரண்டு நாளும் அவர் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் எங்கேயோ இருந்தார். கைவிரல்கள் போர்வையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தன. கயிறு இழுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உபதேசியார் லாட்ஜுக்குப் போகாமல் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் குரல் பெரிய குரல் இல்லை, பக்கத்து அறையில் யாரோ அரிசி புடைப்பதுபோல மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டே நானும் சுவரில் சாய்ந்து அசந்துவிட்டேன். விழித்தபோது செபம் முடிந்திருந்தது, மதினியும் முடிந்திருந்தார். முகத்தில் சண்டை எதுவும் இல்லை. அப்போதுதான் நான் சத்தம் போட்டு அழுதேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உபதேசியார் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டார். வரும் திங்கட்கிழமை தூத்துக்குடிக்குக் கிளம்புகிறாராம். கோயில் சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிடுவாராம். அவர் காது சிவக்கவில்லை. உண்மைதான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை காற்று ஓய்ந்து வலை விட்டார்கள். பின்வாசலில் காபித் தம்ளரோடு நின்றேன். எல்லாம் பழையபடி சாம்பல் நிறத்தில் மிதந்தது. இரண்டு வரிசை, பின்னால் போகிற மனிதர்கள். எங்கள் கரையில் ஒரு பழக்கம். கயிறு இழுத்த ஆள் செத்துப்போனால், முப்பதாம் நாளுக்குப் பிறகு விடுகிற முதல் வலைக்கு அவர் நிற்கிற இடத்தை விட்டுவிட்டுத்தான் பிடிப்பார்கள். வடக்கு வரிசையின் வாலில் அந்த வெற்றிடம் தெரிந்தது. மறுநாளிலிருந்து அதுவும் இருக்காது, நகர்ந்து நெருங்கி நின்றுவிடுவார்கள். எனக்குத் தம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் நடந்தது மட்டும் தெரிகிறது.

வாலில் பிடித்தால் இழுத்ததாகாது என்று எனக்குப் பட்டது. நேரே தண்ணீர் விளிம்புக்குப் போனேன். முழங்கால் வரைக்கும் கடல் வந்தது, கீழே மணல் நழுவியது. முனியசாமி, மாதா, யார் பெயர் முதலில் வாயில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கயிறு நான் நினைத்ததைவிடக் கனம், ஈரம், உயிருள்ளதுபோல உள்ளே இழுத்தது. "ஊர்நாட்டுக்காரி உப்புக்குச் சப்பாணியா வந்திருக்கா" என்று யாரோ ஒருத்தி சொன்னாள், இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வால் வரைக்கும் போய், மதினியின் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, விட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கை எரிந்தது, அப்புறம் எரிவதும் மறந்துவிட்டது. சூரியன் எப்போது வந்தது என்று கவனிக்கவில்லை. மடி வந்து விழுந்தபோது கடல் நீலமாக இருந்தது.

பெரிய மீன்பாடு இல்லை. காரல், கொஞ்சம் சாளை, நண்டு. குவியல் வைத்தார்கள். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய உபதேசியாரிடம் இழுத்த ஆட்களைச் சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றார். சம்மாட்டி கம்பால் தொட்டுக்கொண்டே போனார். இது ஆருக்கு, கடைக்காரருக்கு. இது ஆருக்கு, மேலவீட்டு அண்ணனுக்கு. அப்படியே வந்து ஒரு குவியலில் கம்பு நின்றது.

"இது ஆருக்கு?"

"ஊர்நாட்டுக்காரிக்கு."

"எனக்கில்ல" என்றேன். கூறு சொல்லும்போது வாய் திறக்கக் கூடாது என்று தெரியும். திறந்தேன். "கயித்தத் தொட்டது என் கை. கூறு எங்க மதினிக்கு. அவுக அதக் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காக. இனிமே எல்லா வலைக்கும் வாரேன்."

சம்மாட்டி என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. அவர் கம்பை எடுத்து, தொட்ட அதே குவியலை மறுபடி தொட்டார்.

"இது ஆருக்கு?"

உபதேசியார் திரும்பவில்லை. முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது, பழைய வாட்ச்மேன் சட்டை, அதன்மேல் வெயில்.

"பெரியக்காவுக்கு" என்றார்.

திங்கட்கிழமை தூத்துக்குடி பஸ் அவர் இல்லாமல் போனது. ஒரு கூறில் குடும்பம் நடக்காதுதான். அதனால் அடுத்த வாரம் கடைக்காரர் தன் கூறிலிருந்து ஒரு கை அள்ளி மதினியின் குவியலில் போட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள், போடாதவர்களும் உண்டு. கையில் தோல் தடித்துவிட்டது. எங்கள் அய்யா பார்த்துவிட்டு, மிளகாய்க் காட்டில் ஒருநாள்கூடக் குனியாதவள் கடலில் போய் நிற்கிறாளே என்று மூக்கைச் சிந்தினார்.

போன ஐப்பசியில் அடைமழை. ரோட்டில் தண்ணீர், பஸ் இல்லை, சாமியார் டவுனில் மாட்டிக்கொண்டார். கடைக்காரரின் அய்யா அன்றைக்குத்தான் போனார். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. உபதேசியார் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்று செபத்தைத் தொடங்கினார். பாதி வந்தபோது நான் அவர் உதட்டையே பார்த்தேன், மதினிக்கு அங்கேதான் நின்றுபோனது. அவர் நிற்கவில்லை. மழைக்குமேல் குரலை உயர்த்தி, ஒரு வார்த்தை விடாமல் கடைசி வரைக்கும் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.